கதைக்கு முன் ஓர் இசை: களரி கட்டுதலும் ஓவர்ச்சரும்

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூத்துக் கலைஞர்களை அழைக்கும்போது, நிகழ்ச்சி நிரல் எழுதுகிற நாம் முதலில் கைவைப்பது ஒரே இடத்தில்தான். "வாசிப்பெல்லாம் வேண்டாம், நேராகக் கதைக்கு வந்துவிடுங்கள், இருபது நிமிடம்தான் இருக்கிறது" என்கிறோம். கலைஞர்களும் தலையசைத்துவிடுகிறார்கள். ஆம்பூர் வட்டாரத்தில் பணியாற்றும் நான் இப்படிப் பல விழாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அவ்வாறு வெட்டப்படும் பகுதிக்குக் களரி கட்டுதல் என்று பெயர். கூட்டம் சேரும்வரை நேரத்தை ஓட்டும் வாசிப்பு என்று நாம் அதை நினைத்துக்கொள்கிறோம். ஆனால், இதே வேலைக்காகப் பிறந்த இசை ஐரோப்பாவில் 'ஓவர்ச்சர்' என்ற பெயரில் தனி இசை வடிவமாக வளர்ந்து, உலகின் பெரிய அரங்குகளில் இன்றும் ஒலிக்கிறது. சீனாவில் ஊர்ப்புறத் திருவிழாவின் மேளச் சத்தமே ஒரு புகழ்பெற்ற தொடக்க இசையாக மாறியிருக்கிறது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் மாணவர்களின் ஊர்க் கலை எந்த வரிசையில் நிற்கிறது என்பது விளங்கும். ஒரு பாடத்தை எப்படித் தொடங்குவது என்ற நம் அன்றாடக் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

களரியில் என்ன நடக்கிறது?

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். இரவுச் சாப்பாடு முடிந்தபின் தொடங்கும் கூத்து பொழுது விடியும்வரை நடக்கும்.

கூத்து ஆடும் இடம்தான் களரி. அதன் பின்புறத்தில் ஒரு பெஞ்சில் இசைக் கலைஞர்கள் அமர்வார்கள். மத்தளம் அல்லது மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, கைத்தாளம் ஆகியவை முக்கியக் கருவிகள். நடிகர்கள் வேடம் கட்டும் இடத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வாசிப்பில் சொல் இல்லை, பாத்திரம் இல்லை, கதை இல்லை. தாளமும் சுருதியும் மட்டுமே. இதன் பிறகுதான் கடவுள் வாழ்த்து, கட்டியக்காரன் வருகை, திரை பிடித்து வேடம் நுழைதல் எல்லாம்.

இந்த வாசிப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அழைப்பு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், இன்று கூத்து உண்டு என்பதைக் கொல்லை தாண்டி, அடுத்த ஊருக்கும் சொன்னது மத்தளம்தான். இரண்டாவது, பதப்படுத்துதல். பகலெல்லாம் வேலைச் சத்தத்தில் இருந்த செவி, சுருதிக்கும் தாளத்துக்கும் பழக வேண்டும். கருவிகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும். மூன்றாவது, எல்லை வகுத்தல். காலையில் மாட்டுவண்டியும் பைக்கும் போன தெரு, வாசிப்பு தொடங்கியதும் அத்தினாபுரம் ஆகிவிடுகிறது. 'கட்டுதல்' என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது.

இது வடமாவட்டங்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடத் தொடங்கும் முன், குழலில் தொடங்கி யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை என்று கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் வரிசையை இளங்கோவடிகள் விவரிக்கிறார். கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்கும் பாடல் வரிகள் கிடையாது. கம்பீர நாட்டை இராகத்தில், தவிலோடு சேர்ந்து, சுவாமி புறப்படுகிறார் என்று அறிவிப்பதே அதன் பணி.

ஐரோப்பாவின் திரை உயரும் முன்

'ஓவர்ச்சர்' என்ற சொல் திறப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா என்றால் திருமண வரவேற்பில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. இங்கு நாம் பேசும் ஆர்கெஸ்ட்ரா, வயலின் குடும்பமும் குழல்களும் பித்தளைக் கருவிகளும் முரசுகளும் கொண்ட பெரிய இசைக்குழு. பல குழுக்களில் எழுபது எண்பது பேர்கூட இருப்பார்கள்.

இத்தாலியின் மாந்துவா நகர அரண்மனையில் 1607ஆம் ஆண்டு மாண்டிவெர்டியின் 'ஆர்ஃபியோ' என்ற இசை நாடகம் அரங்கேறியது. அது ட்ரம்பெட் முழக்கத்தோடு தொடங்குகிறது. திரை உயரும் முன் அந்த முழக்கத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார் மாண்டிவெர்டி. அழைப்பு, எல்லை வகுத்தல் என்ற களரியின் இரண்டு வேலைகளும் இங்கே அப்படியே இருக்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் அவையில் லுல்லி என்ற இசையமைப்பாளர் இதற்கு ஓர் அமைப்புக் கொடுத்தார். முதலில் மெதுவான, கம்பீரமான நடை. பிறகு ஒரு கருவிக் கூட்டம் தொடங்கிய மெட்டை மற்றொன்று தொடர்ந்து பிடிக்கும் விரைவான நடை. இந்த அமைப்பு ஐரோப்பா முழுவதும் பரவியது.

இதுவரை தொடக்க இசைக்கும் பின்னால் வரும் கதைக்கும் பெரிய தொடர்பு இல்லை. அதை மாற்ற வேண்டும் என்று வாதிட்டவர் க்ளுக். 'அல்செஸ்ட்' என்ற தம் இசை நாடகத்தை 1769ஆம் ஆண்டு அச்சிட்டபோது அதன் முன்னுரையில், பார்க்கப்போகும் கதையின் இயல்பை ஓவர்ச்சர் பார்வையாளருக்கு உணர்த்த வேண்டும் என்று அவர் எழுதினார். களரி கட்டுதலின் மூன்று வேலைகளோடு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: முன்னறிவித்தல்.

அடுத்து வரும் மூன்று எடுத்துக்காட்டுகளை ஆசிரியர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வகுப்பறைக்கு வரும்போது இவை தேவைப்படும்.

முதலாவது மொசார்ட். 1787ஆம் ஆண்டு பிராக் நகரில் அரங்கேறிய 'டான் ஜொவான்னி' நாடகத்தில், கொலையுண்டவரின் கற்சிலை உயிர்பெற்றுக் குற்றவாளியைத் தேடி வரும் காட்சி இறுதிப் பகுதியில் வருகிறது. அந்தக் காட்சியின் அச்சமூட்டும் இசையோடுதான் ஓவர்ச்சர் தொடங்குகிறது. முதல்முறை கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் ஏதோ வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும். சிலை வரும்போது, இதை முன்பே கேட்டிருக்கிறோமே என்று திடுக்கிடும்.

இரண்டாவது ரொசினி. 1816ஆம் ஆண்டு அரங்கேறிய 'செவில் நகரத்து நாவிதர்' என்ற அவருடைய நகைச்சுவை நாடகத்தின் ஓவர்ச்சர் உலகப் புகழ்பெற்றது. ஆனால், அவர் அதை இந்த நாடகத்துக்காக எழுதவில்லை. முன்பு எழுதிய இரண்டு தீவிரமான நாடகங்களுக்குப் பயன்படுத்திய அதே இசையை எடுத்து இதற்கும் வைத்தார். துள்ளலான இசைதான், மறுப்பதற்கில்லை. எந்தக் கதைக்கும் பொருந்தும் என்பது அதன் வசதி. எந்தக் கதையைப் பற்றியும் எதுவும் சொல்லாது என்பது அதன் எல்லை.

மூன்றாவது பீத்தோவன். அவர் எழுதிய ஒரே இசை நாடகமான 'ஃபிடெலியோ'வுக்கு நான்கு ஓவர்ச்சர்கள் எழுதினார். அவற்றில் 1806ஆம் ஆண்டின் 'லியோனோரா 3' மிகவும் ஆற்றல் வாய்ந்தது. சிறையிலிருக்கும் நாயகனுக்கு விடுதலை வருவதை அறிவிக்கும் ட்ரம்பெட் ஒலி, நாடகத்தின் உச்சக்கட்டத்தில் வர வேண்டியது. அது இந்த ஓவர்ச்சரிலேயே மேடைக்கு வெளியிலிருந்து ஒலித்துவிடுகிறது. தொடக்க இசையே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டால் பிறகு நாடகம் எதற்கு? 1814ஆம் ஆண்டு நாடகத்தைத் திருத்தி அரங்கேற்றியபோது, பீத்தோவன் சிறிய, எளிய ஓவர்ச்சர் ஒன்றை எழுதி முன்னால் வைத்தார். 'லியோனோரா 3' இன்று பெரும்பாலும் கச்சேரி மேடையில் தனியாக வாசிக்கப்படுகிறது.

கதையே இல்லாத தொடக்கம்

இப்படித் தொடக்க இசை தனியாகவே நிற்கும் ஆற்றல் பெற்றதும், நாடகமே இல்லாமல் ஓவர்ச்சர் மட்டும் எழுதும் வழக்கம் வந்தது. ஷேக்ஸ்பியரின் 'கோடை நள்ளிரவுக் கனவு' நாடகத்தைப் படித்துவிட்டு 1826ஆம் ஆண்டு மெண்டல்சோன் எழுதிய ஓவர்ச்சர் இதற்கு அழகான சான்று. குழல்கள் மெல்ல ஒலிக்கும் நான்கு ஸ்வரக் கூட்டுகள் நம்மைக் கனவுக்குள் அழைக்கின்றன. பிறகு வயலின்கள் தேவதைகளின் காலடிபோல ஓடுகின்றன. கழுதைத் தலை பெற்றவனின் கத்தல்கூட இசைக்குள் கேட்கும். இதை எழுதியபோது மெண்டல்சோனுக்கு வயது 17. நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் வயது.

'பிரிலூட்' என்பது ஓவர்ச்சரின் நெருங்கிய உறவு. ஓவர்ச்சர் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்து நிற்கும். பிரிலூட் பெரும்பாலும் நிற்காமல் அப்படியே முதல் காட்சிக்குள் வழிந்துவிடும். வாக்னரின் 'ரைன்கோல்டு' நாடகம் 1869ஆம் ஆண்டு அரங்கேறியது. ஆற்றின் அடியில் நிகழும் அதன் முதல் காட்சிக்கு முன் வரும் பிரிலூட், 136 தாள அளவுகளுக்கு ஒரே ஸ்வரக் கூட்டை விட்டு நகர்வதே இல்லை. மிகத் தாழ்ந்த ஒலியில் பெரிய வயலின்கள் தொடங்க, அதன்மேல் குழல்களும் கொம்புகளும் அலையலையாகச் சேர்கின்றன. சுருதிப்பெட்டியைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாக இருக்காது. சுருதியே ஆறாகிப் பெருகுவதுபோல இருக்கும்.

சீனாவின் வசந்த விழா

சீன நாடக மரபில், குறிப்பாக ஊர்ப்புற மேடைகளில், நாடகம் தொடங்கும் முன் மேளமும் கோங்கும் முழக்குவது பழைய வழக்கம். பெரிய கோங்கு, சிறிய கோங்கு, கைத்தாளம், இவற்றை வழிநடத்தும் சிறு மேளம். அந்த மேளக்காரர்தான் குழுவின் தலைவர். கூட்டத்தை அழைப்பது, ஆரவாரத்தை அடக்கி மேடைப்பக்கம் கவனத்தைத் திருப்புவது என வேலைகள் நமக்குத் தெரிந்தவைதான். பீக்கிங் ஓபராவின் மேளக்காரரையும் நம் மத்தளக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்தால், மொழி இல்லாமலே பேசிக்கொள்வார்கள்.

இந்த மரபையும் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவையும் இணைத்தவர்களில் ஒருவர் லி ஹுவான்ஜி. ஹாங்காங்கில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் ஷான்சி மாகாணத்தின் வடபகுதியிலுள்ள யெனான் நகரில் வாழ்ந்தபோது, சீனப் புத்தாண்டில் உழவர்கள் ஆடும் யாங்கே ஆட்டத்தைப் பார்த்தார். மேளமும் கோங்கும் முழங்க, கூட்டம் கூட்டமாகத் தெருவில் ஆடிவரும் ஆட்டம் அது. அந்த நினைவிலிருந்தும் அப்பகுதி நாட்டுப்புற மெட்டுகளிலிருந்தும் 1955-56ஆம் ஆண்டுகளில் 'வசந்த விழா' என்ற இசைத்தொகுப்பை எழுதினார். அதன் முதல் பகுதிதான் 'வசந்த விழா ஓவர்ச்சர்'.

மொத்தமே ஐந்து நிமிடம். முதலில் தாளம் துள்ளும் திருவிழாக் கூட்டம். நடுவில் ஆரவாரம் அடங்கி, ஓபோ என்ற குழல் ஒரு நாட்டுப்புற மெட்டைத் தனியாகப் பாடுகிறது, ஆட்டக் கூட்டத்தின் முன்னே நின்று ஒருவர் பாடுவதுபோல. பிறகு மீண்டும் ஆட்டம். இன்று சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிகளில் இந்த இசை தவறாமல் ஒலிக்கிறது. தெருவில் ஒலித்த மேளச் சத்தத்தை ஒரு நாடு தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சீவாளியும் தோலும்

மேற்கண்ட ஓபோவை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, முகவீணையில் தொடங்குவது எளிது. முகவீணை, நாகசுரம், யாங்கே ஆட்டத்தில் ஊதப்படும் சுவோனா, ஓபோ ஆகிய நான்கும் ஒரே குடும்பம். நாணல் வகைத் தட்டையில் செய்த இரட்டை நாக்குச் சீவாளிதான் நான்கிலும் ஒலியை எழுப்புகிறது. கச்சேரி தொடங்கும் முன் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஓபோ ஊதும் ஒரு ஸ்வரத்துக்குத்தான் சுருதி சேர்க்கிறது. முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துவிட்டதால், ஆர்மோனியம் மட்டுமே ஒலிக்கும் களரிகளும் இன்று உண்டு.

தோல் கருவிகளைப் பற்றி எங்கள் வட்டார மாணவர்களிடம் பேசுவது இன்னும் எளிது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டையில் பல வீடுகளின் சோறு ஷூ கம்பெனியிலிருந்தும் தோல் ஷாப்பிலிருந்தும் வருகிறது. எட்டாம் வகுப்பில் ஒருமுறை, "ஷூவுக்குப் போடும் தோலை மத்தளத்தில் கட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "தொப்புத் தொப்புனு சத்தம் வரும் சார்" என்றாள் ஒரு மாணவி. சரியான விடை. பதனிட்ட தோல் மென்மையாகி வளையும். ஷூவுக்கு அதுதான் வேண்டும். மேளத்துக்குப் பதனிடாத தோலே வேண்டும். உலரும்போது இறுகி விறைத்து நிற்பதால்தான் அது அதிர்ந்து ஒலிக்கிறது. பனியில் தளர்ந்த பறையைத் தீயில் காய்ச்சுவதும், மிருதங்கத்தின் இடந்தலையில் மாவு அப்புவதும் அந்த அதிர்வை வேண்டியபடி மாற்றத்தான். எட்டாம் வகுப்பு அறிவியலின் ஒலியியல் பாடம் இதற்குள்ளேயே இருக்கிறது.

அதே வகுப்பில், வீட்டில் யாராவது மேளம் வாசிப்பார்களா என்று கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. சில நாள் கழித்து, திறன்மிகு வகுப்பறைத் திரையில் 'வசந்த விழா ஓவர்ச்சரை' எந்த முன்னுரையும் இல்லாமல் ஒலிக்கவிட்டேன். முடிந்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன், "சார், களரி கட்டுற மாதிரியே இருக்கு. எங்க தாத்தா வாசிப்பாரு" என்றான். அடுத்து உருது பேசும் வீட்டு மாணவி ஒருத்தி, ரம்ஜான் மாதத்தில் சஹருக்கு எழுப்ப தப்ஸ் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று தன் பாட்டி சொன்னதைச் சொன்னாள். தோலைத் தொடும் தொழிலையும் மேளம் அடிப்பதையும் தாழ்வாகப் பார்க்கும் பார்வை நம் பிள்ளைகளின் வாயை அடைத்து வைத்திருக்கிறது. முதல் நாள் உயராத கைகளுக்குக் காரணம் அதுதான். அதைக் கண்டித்துப் பேசுவது ஒரு வழி. தாத்தாவின் வாசிப்பை உலக இசையின் வரிசையில் வைத்துக் கேட்கச் செய்வது இன்னொரு வழி. இரண்டும் வேண்டும்.

வகுப்பறைக்கு

பாடத்திட்டக் குறிப்பில் 'ஆர்வமூட்டல்' என்று நாம் எழுதுகிற பகுதி, பாடத்துக்கான களரி கட்டுதல்தான். முன்பு சொன்ன மூவரை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே கைத்தட்டல், ஒரே விளையாட்டு என்று தொடங்குவது ரொசினி வழி. உற்சாகம் வரும். பாடத்தோடு ஒட்டாது. பாடத்தின் முடிவு முழுவதையும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவது 'லியோனோரா 3' வழி. பிறகு மாணவர் கண்டுபிடிக்க எதுவும் மீதமிராது. பாடத்தின் மையத்திலிருந்து ஒரு துளியை எடுத்து, விளக்கம் சொல்லாமல் முன்னால் வைத்துவிட்டு, நடுவில் அதை மறுபடியும் சந்திக்கச் செய்வது மொசார்ட் வழி. ஷூத் தோல் பற்றிய கேள்வியை நான் அந்த வழியில்தான் பயன்படுத்துகிறேன். அதிர்வு பற்றிய பாடம் பாதி தூரம் போனதும் மாணவர்களே அந்தக் கேள்விக்குத் திரும்பி வருகிறார்கள்.

செய்து பார்க்க மூன்று செயல்பாடுகள்:

1. ஊரில் எவையெவை இசையோடு தொடங்குகின்றன என்று மாணவர்கள் பட்டியல் தயாரிக்கலாம். கூத்து, சுவாமி புறப்பாடு, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், வானொலிச் செய்தி, திரைப்படத்தின் பெயர்கள் ஓடும் நேரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அழைப்பு, பதப்படுத்துதல், எல்லை வகுத்தல், முன்னறிவித்தல் என்ற நான்கில் எந்த வேலை நடக்கிறது என்று குறிக்கச் சொல்லலாம்.

2. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் 'நிகழ்கலை' பாடத்தை நடத்தும்போது, ஒரு களரி கட்டுதல் பதிவையும் 'வசந்த விழா ஓவர்ச்சரையும்' அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை எழுதச் செய்யலாம்.

3. பாடநூலில் உள்ள ஒரு கதைக்கு, மேசை, தட்டு, சாவிக்கொத்து, கைத்தட்டல் மட்டும் கொண்டு இரண்டு நிமிடத் தொடக்க இசையைக் குழுவாக அமைக்கச் சொல்லலாம். ஒரே நிபந்தனை: கதையின் முக்கியத் திருப்பத்தின் சாயல் அதில் இருக்க வேண்டும், ஆனால் வெளிப்படையாகத் தெரியக்கூடாது.

2022-23 கல்வியாண்டு முதல் நடைபெறும் கலைத் திருவிழா, கிராமியக் கலைகளைப் பள்ளி மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒரு கூத்துக் குழுவை அழைத்தால், நிகழ்ச்சி நிரலில் 'களரி கட்டுதல் – 5 நிமிடம்' என்று தனி வரியாக எழுதுவோம். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன், வாசிக்கப்போகும் கலைஞர்களின் பெயரையும் கருவிகளின் பெயரையும் ஒரு மாணவர் மேடையில் அறிவிக்கட்டும். வாசிப்பு முடியும்வரை, தலைமையாசிரியர் உட்பட, யாரும் ஒலிவாங்கியைத் தொடாமல் இருப்போம். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருடைய தாத்தாவோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தவராக இருக்கலாம்.